தரிசு என்னும் சொல்: படுவான்கரை நிலமும் நில ஒதுக்கீட்டு முடிவுகளின் வரலாறும்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கும் சூரியனாற் பெயர் பெற்றவை. கதிரவன் எழும் கடற்பக்கத்துக் கரை எழுவான்கரை எனவும், அவன் சாயும் மேற்பக்கத்துக் கரை படுவான்கரை எனவும் வழங்கும். வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் இவ்வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றிடலிலே, கிரான்குளத்துக்கும் செட்டிபாளையத்துக்கும் இடையில் அமைந்த ஊர் குருக்கள்மடம். தென்னையும் வீட்டுத் தோட்டமும் மணலில் வளரும், நெல் வளராது. ஆகவே, இவ்வூராரும் அயலூராரும் வாவியைக் கடந்து மறுகரையிற் சென்று நெற்செய்கை புரிவது தொன்றுதொட்டு வந்த வழக்கமாகும். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குச் செல்லும் படகுப்பாதை வெறும் போக்குவரத்துச் சாதனமன்று. வீடு ஒரு கரையிலும் வயல் மறுகரையிலுமாக அமைந்த ஒரு வாழ்க்கை முறையின் இணைப்பு அது.

சூரியனாற் பெயர்பெற்ற கரைகளில் இன்று அச்சூரியனே நிலம் கேட்டு நிற்கின்றான். சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெறும் நிலையங்களுக்குப் பரந்த, சமதரையான, மரநிழலற்ற நிலம் வேண்டப்படுகிறது. அத்தகைய நிலத்தை எங்கே கொடுப்பது, யார் கொடுப்பது என்ற வினா இலங்கையின் கிழக்கிலும் தென்னிந்தியாவிலும் பிற நாடுகளிலும் ஒருங்கே எழுந்துள்ளது. வினா புதிதுபோலத் தோன்றினும் அதன் வேர் பழையது. கடந்த நூற்றெண்பது ஆண்டுகளின் நிலச் சட்டங்களை ஆராயுமிடத்து ஓருண்மை புலனாகும். ஒரு நிலத்தின் விதியை முடிவு செய்வது அதன் மண்ணும் நீரும் மட்டுமல்ல. அரசாங்க ஏடு அதனை எச்சொல்லாற் குறித்தது என்பதும், அச்சொல்லைத் தெரிந்தெடுத்த அவையில் உழுபவனுக்கு இடம் இருந்ததா என்பதுமே பெரிதும் முடிவு செய்தன. அச்சொற்களுள் வலிமை மிக்கது ‘தரிசு’ என்பதாகும்.

படுவான்கரையின் வேளாண்மை ஆண்டினை முதற்கண் நோக்குவோம். வடகீழ்ப் பருவமழையை நம்பிய பெரும்போகம் புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் விதைக்கப்பட்டுத் தை, மாசி, பங்குனியில் அறுவடையாகும். உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்களின் நீர் எட்டும் வயல்களிற் சிறுபோகமும் செய்யப்படும். நீர் எட்டாத வயல்கள் அடுத்த மாரி வரை வெறுமையாகக் கிடக்கும். ஆயின், அவ்வெறுமை தோற்றத்தளவிலேயே உள்ளது. களவெட்டியில் சூடடித்து முடிந்ததும் மாட்டுப் பட்டிகள் வயலுக்குள் இறங்குகின்றன. அவை ஒட்டுத்தாளை மேய்கின்றன, எருவிடுகின்றன. மீண்டும் விதைப்புக் காலம் வந்ததும் அதே பட்டிகள் மேட்டு நிலத்துப் பற்றைக் காடுகளுக்கும் மேய்ச்சற்றரைகளுக்கும் கொண்டு செல்லப்படும். எந்தத் திகதிக்குள் விதைத்து முடிக்க வேண்டும், எந்தத் திகதிக்குள் மாடுகளை வயற்பிரதேசத்திலிருந்து அகற்ற வேண்டும் என்பன ஆண்டுதோறும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டங்களிலே தீர்மானிக்கப்படுகின்றன.

இதனால் விளங்குவது யாது? ஆவணியில் வந்து வயலைக் காண்பவருக்கு அது வெறுந்தரையாகவும், தையில் வந்து மேட்டு நிலத்தைக் காண்பவருக்கு அது பயனற்ற பற்றையாகவும் தோன்றலாம். உண்மையில் இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கும் ஒரே ஏற்பாட்டின் இரு பாதிகள். மேய்ச்சற்றரை இல்லையேல் மாரியிற் பட்டிக்குப் போக்கிடமில்லை. பட்டிக்குப் போக்கிடமில்லையேல் விதைத்த வயலுக்குக் காவலில்லை.

இவ்வுண்மையைக் கணக்கிலெடாத சட்டமே பிரித்தானியர் இயற்றிய 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணி அத்துமீறற் கட்டளைச்சட்டம். காடாகவும், தரிசாகவும், குடியிராததாகவும், பயிரிடப்படாததாகவும் உள்ள நிலம் யாவும், மறுதலையாக நிறுவப்படும் வரை முடிக்குரியதெனக் கொள்ளப்படும் என்பது அதன் உட்கிடை. சேனைப் பயிர் செய்யும் நிலங்களும் இவ்வூகத்துக்கு உட்பட்டன. நிறுவும் பொறுப்பு அரசின் மேலன்றிக் குடிகளின் மேல் விழுந்தமை இங்குக் கவனித்தற்குரியது. எழுத்தாவணத்தினும் ஊர்வழக்கையே சான்றாகக் கொண்டு வாழ்ந்த மக்களிடம் எழுத்தாவணம் கேட்கப்பட்டது. பின்னர் வந்த 1897 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கத் தரிசுநிலக் கட்டளைச்சட்டம் இதனை ஒரு நடைமுறையாகவே ஆக்கிற்று. நிலத்தைக் குறித்து அறிவித்தல் வெளியிடப்படும்; மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிடின் அது முடிக்குரியதெனப் பிரகடனம் செய்யப்படும். கோப்பித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் பரவிய மலைநாட்டிலேயே இச்சட்டங்களின் கடுமை மிகுதியாக உணரப்பட்டது. எனினும், இலங்கை முழுவதிலும் நிலத்தை நோக்கும் அரசாங்கக் கண்ணை உருவாக்கியவை இவையே. தரிசு என்ற சொல் மண்ணின் இயல்பைக் குறிப்பதிலிருந்து விலகி, உரிமையின் இன்மையைக் குறிக்கும் சொல்லாக மாறியது இக்காலத்திலேயாம்.

அதே நூற்றாண்டில் இதற்கு நேர்மாறான மற்றொரு போக்கும் இருந்தது. 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாயிருந்த சேர் ஹென்றி வார்ட் கிழக்குப் பகுதியின் நீர்ப்பாசனத்திற் பெரிதும் ஈடுபாடு கொண்டவர். இறக்காமம், அம்பாறை ஆகிய குளங்களின் திருத்த வேலைகள் அவர் காலத்தில் தொடங்கின. அவர் காலத்தில் இயற்றப்பட்ட 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம், நெற்செய்கையும் நீர்ப்பங்கீடும் பற்றிய பழைய ஊர்வழக்குகளை மீட்டு நடைமுறைப்படுத்துவதை நோக்கமாகக் கொண்டது. வயற்சொந்தக்காரர் கூடி வழக்குகளை எடுத்துரைத்து அவற்றை விதிகளாக்கவும், அவ்விதிகளை மீறுவோரின் பிணக்குகளை ஊர்ச்சபையே கேட்டுத் தீர்க்கவும் அது வழி வகுத்தது. வட்டையில் எவ்வயலுக்கு எப்பொழுது நீர் பாயும் என்பதைக் கொழும்பில் இருப்பவர் அறியார் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டதற்கு இச்சட்டம் சான்றாகும். மட்டக்களப்பு வயல்களில் இன்றும் நிலவும் வட்டவிதானை என்ற பதவி, அத்தகைய உள்ளூர் அறிவுக்கு அளிக்கப்பட்ட மதிப்பின் எச்சமெனலாம்.

ஆக, 1840 ஆம் ஆண்டின் சட்டம் வெளியிலிருந்து பார்த்து நிலத்துக்குப் பெயரிட்டது. 1856 ஆம் ஆண்டின் சட்டம் உள்ளிருந்து பேசுவாரைக் கேட்டது. பின்வந்த நிலச் சட்டங்களை இவ்விரு போக்குகளின் இழுபறியாகவே கொண்டு ஆராய்தல் பொருந்தும்.

20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஊர்களின் நிலத்தேவையை அரசாங்கம் உணரத் தலைப்பட்டது. கிழக்கு மாகாணத்திற் பணியாற்றிய சி. வி. பிறெயின் என்ற ஆங்கில அதிகாரி 1920 களில் மட்டக்களப்பிலே உழவருக்கு நிலத்தைப் பகிர்ந்தளிக்கும் முறையொன்றைச் சோதித்துப் பார்த்தார். பின்னாளில் அவரே இலங்கையின் காணி ஆணையாளராக விளங்கினார். 1927 ஆம் ஆண்டில் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழு, முடிக்குரிய நிலத்தை விற்றுத் தள்ளுவதற்கு முன் ஒவ்வோர் ஊரின் தேவையையும் வரைபடத்திற் குறித்து ஒதுக்க வேண்டுமென்ற கொள்கையை வகுத்தது. அதன் பயனாக எழுந்த 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம், ஊர் விரிவாக்கம், ஊர்க்காடு, ஊர் மேய்ச்சற்றரை, நீரூற்றுப் பாதுகாப்பு முதலிய நோக்கங்களுக்காக நிலத்தை ஒதுக்குவதற்கு இடந்தந்தது. வெறுந்தரை என்று முன்பு ஒரே சொல்லில் அடக்கப்பட்ட நிலத்துக்குப் பல பெயர்கள் இருக்கலாம் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்ட முதற் சந்தர்ப்பம் இதுவெனல் மிகையாகாது. ‘ஊர் மேய்ச்சற்றரை’ என்று ஏட்டில் எழுதப்பட்டதும் அந்தப் பற்றைக்காடு தரிசு என்ற பெயரினின்று விடுபடுகின்றது. ஆயின், ஏட்டில் எழுதப்பட்ட இடங்கள் சில. எழுதப்படாது வழக்கில் மட்டும் நின்ற இடங்கள் பல. பிற்காலத்து இடர்கள் பலவற்றுக்கும் காரணம் இக்குறையே.

சுதந்திரத்தின் பின் பெரிய திட்டங்களின் காலம் பிறந்தது. 1949 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபை, இங்கினியாகலையில் அணைகட்டிச் சேனாநாயக்க சமுத்திரத்தை உருவாக்கிற்று. அக்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்த தென்புறம் 1961 இல் அம்பாறை மாவட்டமாகப் பிரிந்தது. அத்திட்டத்தால் விளைந்த நெல்லும் பெரிது. அதனாற் குடிப்பரம்பலில் ஏற்பட்ட மாற்றத்தைப் பற்றிய மனக்கசப்பும் பெரிது. அவை தனியே ஆராயற்பாலன. ஈண்டு வேண்டுவது ஒன்றே: நிலத்தின் பயன்பாட்டைத் தீர்மானிக்கும் இடம் ஊர்க்கூட்டத்திலிருந்து தலைநகரத்துச் சபைக்கு மாறியது.

இப்போக்குக்கு மாற்றாக எழுந்தது பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நெற்காணிச் சட்டம். குத்தகை உழவருக்குப் பாதுகாப்பளித்த சட்டமென்றே இது பெரிதும் நினைவுகூரப்படுகிறது. போடியாருக்கும் வயல் செய்வோருக்கும் இடையிலான உறவு வேரூன்றியிருந்த மட்டக்களப்பில் அப்பகுதி முக்கியமானதே. ஆயினும், அதன் மற்றோர் அமிசம் அதைவிடக் குறைந்ததன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட பயிர்ச்செய்கைக் குழுக்களை இச்சட்டம் ஊர்தோறும் நிறுவியது. உழுபவர் என்ற தகுதியாலேயே ஒருவர் அக்குழுவில் அமர முடிந்தது. வாவிக்கு இக்கரையில் வீடும் அக்கரையில் வயலுமாக வாழ்ந்தவர்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். வீடு இருக்கும் இடத்தாலன்றி வயல் இருக்கும் இடத்தால் அவருக்குக் குரல் கிடைத்தது.

அக்குழுக்களின் ஆயுள் நெடியதன்று. 1972 இன் விவசாய உற்பத்திச் சட்டத்தாலும் 1973 இன் விவசாயக் காணிச் சட்டத்தாலும் தேர்தலின் இடத்தை நியமனம் பிடித்தது. 1979 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கக் கமநல சேவைகள் சட்டத்தோடு அக்குழுக்கள் மறைந்தே போயின. பின்னர் விவசாயிகள் அமைப்புகள் என்ற பெயரிற் புதிய சங்கங்கள் தோன்றின. இன்று நடைமுறையிலுள்ள 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், நெற்காணியை நிரப்பவோ வேறு பயனுக்கு மாற்றவோ கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும் என்று விதிக்கின்றது. இது நல்ல காவலே. ஆயினும், இதனுள் இரு வாயில்கள் திறந்து கிடக்கின்றன. முதலாவது, காவல் நெற்காணிக்கே உரியது. மேய்ச்சற்றரைக்கும் சேனைக்கும் மேட்டுநிலத் தோட்டத்துக்கும் அத்தகைய காவல் இல்லை. இரண்டாவது, அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் ஓர் அதிகாரியின் கையில் உள்ளன; அதே வட்டையில் உழுவோர் கூடித் தீர்மானிக்கும் விடயமாக அஃது இல்லை.

இனி, சூரிய மின்னிலையங்களைப் பற்றிப் பேசப் புகுவோம். இவற்றின் தேவையை மறுப்பார் வரலாற்றை அறியாதவராவர். 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி இந்நாடு தவித்தபோது, அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. உழவு இயந்திரத்துக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் டீசல் இன்றி உழவரும் வரிசையில் நின்றனர். கடல் கடந்து வரும் நிலக்கரியையும் எண்ணெயையும் நம்பிய நாட்டுக்கு, தன் தலைக்கு மேல் எரியும் சூரியன் ஒரு பெருஞ்செல்வமே. 2011 இல் அம்பாந்தோட்டையின் புறுத்தகந்தவிற் சிறிய அளவில் தொடங்கிய முயற்சி, 2016 இல் வீட்டுக்கூரைகளிற் சூரியத் தகடுகளைப் பொருத்தும் தேசிய இயக்கமாக விரிந்தது. மட்டக்களப்பு மாவட்டத்திலும் வவுணதீவில் 10 மெகாவாற்று வலுவுள்ள நிலையமொன்று அமைந்துள்ளது.

கூரை நிலம் கேட்பதில்லை, பெருநிலையம் கேட்கிறது. எவ்வளவு கேட்கிறது என்பதைத் தமிழ்நாட்டுச் சான்றொன்றாற் காணலாம். இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016 செப்டெம்பரில் இயக்கப்பட்ட நிலையத்தின் வலு 648 மெகாவாற்று. அது பிடித்த நிலம் ஏறத்தாழ 2,500 ஏக்கர். அஃதாவது, மெகாவாற்று ஒன்றுக்கு 4 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. கருநாடக மாநிலத்துப் பாவகடையில் 2,050 மெகாவாற்றுக்கு ஏறத்தாழ 13,000 ஏக்கர். மெகாவாற்று ஒன்றுக்கு 6 ஏக்கருக்குச் சற்று மேல். இவ்விரு கணக்கின்படி 100 மெகாவாற்று நிலையமொன்றுக்கு 400 முதல் 600 ஏக்கர் வரை வேண்டும். அந்நிலம் சமதரையாகவும், பெருவீதிக்கும் மின் உபநிலையத்துக்கும் அண்மையிலும், தகராறின்றி ஒரே கையிலிருந்து பெறத்தக்கதாகவும் இருத்தல் நன்றென்பது பொறியியலாளர் நோக்கு. சமதரையை விரும்புவது நெல்லுந்தான். ஆகவே, வயலும் மின்னிலையமும் ஒரே நிலத்தைத் தேடிச் சந்திப்பது இயல்பேயாம். ஒரே கையிலிருந்து பெறத்தக்க நிலம் எது என்று தேடினால், அரசாங்க ஏட்டில் ‘அரச காணி’ என்றும் ‘பயன்படாதது’ என்றும் பதியப்பட்ட நிலமே முதலில் கண்ணிற் படும். 1840 ஆம் ஆண்டின் சொல் இவ்வாறு மீண்டும் உயிர் பெறுகின்றது.

மட்டக்களப்புக்கு வடக்கே திருகோணமலை மாவட்டத்தில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் இதனை விளக்கும். மூதூரை அடுத்த சம்பூர் மக்கள் 2006 இல் போரினால் இடம்பெயர்ந்தனர். அடுத்த ஆண்டில் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பின்னர் அங்கு 500 மெகாவாற்று அனல் மின்னிலையம் அமைக்க இந்திய நிறுவனமொன்றோடு 2013 இல் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. 2015 இலும் அதன் பின்னும் நிலத்தின் ஒரு பகுதி மக்களுக்கு மீண்டது. 2016 இல் அனல் மின்னிலையத் திட்டம் கைவிடப்பட்டது. அனல் மின்னிலையத்தின் இடத்தை இன்று சூரிய மின்னிலையத் திட்டம் பெற்றுள்ளது. 120 மெகாவாற்று வலுவுள்ள அதன் தொடக்க விழா 2025 ஏப்பிரல் 5 ஆம் நாள் நடைபெற்றது. புகையற்ற சூரிய ஒளி நிலக்கரியினும் நன்று என்பதில் ஐயமில்லை. ஆயின், எரிபொருள் மாறிய இம்மாற்றத்தில் நிலத்தைப் பற்றிய தீர்மானம் ஊரவர் கைக்கு வந்ததா என்ற வினா அப்படியே நிற்கின்றது.

மற்றது முத்துநகர். அங்கு உழவர் குளத்துநீர் பாய்ச்சி நெல் விளைவித்து வந்தனர். அந்நிலமோ ஏட்டில் துறைமுக அதிகாரசபைக்குரியது. அவ்வாறு ஒதுக்கப்படுவதற்கு முன்பிருந்தே தாம் பயிர் செய்து வந்ததாக உழவர் கூறினர். சூரிய மின் திட்டங்களுக்காக அந்நிலம் நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டபோது, 2025 இல் அவர்கள் திருகோணமலை மாவட்டச் செயலகத்தின் முன்னே தொடர்ந்து அறப்போராட்டம் நடத்தினர். கொழும்புக்கும் சென்று முறையிட்டனர். கண்ணாற் காண்பவர்க்கு அது வயல். ஏட்டைப் படிப்பவர்க்கு அது துறைமுகக் காணி. வயலுக்கும் ஏட்டுக்கும் முரண் நேர்ந்தால் எது வெல்லும் என்பதே முத்துநகரின் வழக்கு. நெற்காணி என்று பெயர் பெறாத நெல்வயலுக்குக் காவல் எளிதிற் கிட்டாது.

அரசு நிலத்தில் எழும் இடர் இதுவாயின், தனியார் நிலத்தில் இடர் இல்லையோ எனின், உண்டு; அதன் வடிவம் வேறு. கமுதியில் நிலம் விலைக்கு வாங்கப்பட்டது. மழை பொய்க்கும் அவ்வானம் பார்த்த பூமியை விற்றவர் கைக்கு ஒருமுறை பணம் வந்தது; நிலம் மீளாது. பாவகடையில் வேறொரு வழி கையாளப்பட்டது. 2015 இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனமொன்று ஐந்து ஊர்களின் உழவரிடமிருந்து நிலத்தை வாங்காது நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தது. ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாவும், ஈராண்டுக்கொருமுறை நூற்றுக்கு 5 வீத உயர்வும் வழங்குவதாக ஒப்பந்தம் அமைந்தது. வறட்சியால் நொந்த நிலக்கிழாருக்கு இது நிலையான வருவாய். உரிமையும் கைவிட்டுப் போகவில்லை. இம்முறையின் சிறப்பை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆயினும், குத்தகைப் பணம் நிலம் உடையவருக்கே சென்றது. அந்நிலத்திற் களை பறித்தவர்க்கும் கதிர் அறுத்தவர்க்கும் கூலியற்றது. ஆடு மேய்த்தவர்க்கு மேய்ச்சலற்றது. ஏட்டில் பெயர் உடையவனே ஒப்பந்தத்தில் இடம்பெறுகின்றான். நிலத்தால் வாழ்ந்தும் ஏட்டில் பெயரில்லாதவன் வெளியே நிற்கின்றான். படுவான்கரையில் இதனை ஒத்துப் பார்த்தால், போடியாருக்குக் குத்தகை கிடைக்கும். வயற்காரருக்கும் பட்டிக்காரருக்கும் என்ன கிடைக்கும் என்று கேட்க நேரும்.

நிலத்தை ஒன்றுக்கு விட்டால் மற்றொன்றுக்கு இல்லை என்பது முடிந்த முடிபுமன்று. 1981 இல் யேர்மனிய அறிஞரான கோட்ஸ்பெர்கரும் சாஸ்ட்ரோவும், சூரியத் தகடுகளை உயரத் தூக்கி இடைவெளி விட்டு நிறுத்தினால் அவற்றின் கீழே உருளைக்கிழங்கு பயிரிடலாம் என எழுதினர். அக்கருத்து யப்பானிலே நடைமுறை விதியாயிற்று. அந்நாட்டு வேளாண்மை அமைச்சு 2013 இல் இதற்கு இடமளித்தபோது ஒரு நிபந்தனை விதித்தது. தகட்டின் கீழுள்ள வயலின் விளைவு, அப்பகுதியின் சராசரி விளைவில் நூற்றுக்கு 80 வீதத்துக்குக் குறையலாகாது; குறைந்தால் அனுமதி புதுப்பிக்கப்படாது. பிரான்சு நாடு 2023 இற் சட்டமியற்றி, அடுத்த ஆண்டு விதிகளால் அதனிலும் கடுமையான எல்லையை வகுத்தது. விளைவு நூற்றுக்கு 90 வீதத்துக்குக் குறையலாகாது என்றது. மழைக்கால ஒளிக்குறைவில் விளையும் நம் நெல்லுக்கு இம்முறை எவ்வளவு ஒத்துவரும் என்பதைச் செய்கையாற் சோதித்தே அறிதல் வேண்டும். நிழலை விரும்பும் வெற்றிலையும் சில மரக்கறிகளும் முதலிற் சோதிக்கத்தக்கவை.

யப்பானிடம் கற்க வேண்டியது தகட்டின் உயரத்தை மட்டுமன்று. அந்நாட்டில் வயலை வேறு பயனுக்கு மாற்ற விரும்பும் விண்ணப்பம், உள்ளூரில் அமைந்த வேளாண்மைக் குழுவின் பார்வைக்குச் சென்றே மேற்செல்லும். அக்குழுக்கள் 1951 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்டவை. உறுப்பினரைத் தெரியும் முறை இடையில் மாறியபோதிலும், குழுக்கள் இன்றும் உள்ளன. இலங்கையின் பயிர்ச்செய்கைக் குழுக்கள் 1958 இற் பிறந்து இருபது ஆண்டளவில் மறைந்தன. ஏழாண்டு இடைவெளியில் ஆசியத் தீவுகள் இரண்டு ஒரே எண்ணத்தைச் சட்டமாக்கின. ஒன்று அதனைக் காத்தது, மற்றது கைவிட்டது. சூரியத் தகடு வந்து வயலின் வாயிலைத் தட்டும்போது, ஒரு நாட்டில் ‘யார்?’ என்று கேட்க உள்ளே ஓர் அவை இருக்கின்றது. மற்றதில் அவ்வாசனம் வெறுமையாயுள்ளது.

இலங்கையில் அவ்வெறுமையை நிரப்ப அலுவலகங்கள் இல்லாமலில்லை. பிரதேச செயலகம், கமநல சேவை நிலையம், பிரதேச சபை, நிலைபெறுதகு வலு அதிகாரசபை, மின்சார சபை, சுற்றாடல் அதிகாரசபை எனப் பல வாயில்கள் உள. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தம் கூறிய தேசியக் காணி ஆணைக்குழுவோ பிறக்காமலே பல்லாண்டுகள் கழிந்தன. ஒவ்வோர் அலுவலகமும் தன் பங்கை மட்டும் பார்த்து ஒப்பமிடுகின்றது. முழு நிலத்தையும் ஆண்டு முழுவதும் பார்ப்பவர் இலர். குருக்கள்மடத்தாரின் நிலையோ இன்னும் நுண்ணியது. அவர் வாக்களிப்பது களுவாஞ்சிகுடியைத் தலைமையிடமாகக் கொண்ட மண்முனை தென் எருவில் பற்றில். அவர் வயலோ வாவிக்கு அப்பால் கொக்கட்டிச்சோலை சார்ந்த மண்முனை தென்மேற்கிலும் அதனை அடுத்த பற்றுகளிலும். வயலைப் பற்றி முடிவு செய்யும் பிரதேசத்தில் அவருக்கு வாக்கில்லை. வாக்குள்ள பிரதேசத்தில் அவருக்கு வயலில்லை. போரினாலும் இடப்பெயர்வினாலும் படுவான்கரை வயல்கள் பல ஆண்டு செய்கையின்றிக் காடு பற்றியமையும், உறுதிகளும் அனுமதிப்பத்திரங்களும் பலர் கையிலிருந்து தொலைந்தமையும் இவ்விடரை மிகுவித்தன. உரியவன் திரும்பி வரக் காத்துக் கிடந்த வயலும் வெளிக்கண்ணுக்குத் தரிசே.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் படிப்பினைகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, நிலத்தை ஒரு நாளிற் பார்த்துப் பெயரிடல் தகாது. மாரியிலும் கோடையிலும் பார்த்து எழுதல் வேண்டும். இரண்டாவது, 1935 ஆம் ஆண்டின் சட்டம் காட்டிய வழியில் மேய்ச்சற்றரைகள் எல்லையிட்டு ஏட்டிற் பதியப்படல் வேண்டும். ஏட்டில் இல்லாத மேய்ச்சற்றரை நாளை எவருக்கும் உரிய வெறுந்தரையாகும். மூன்றாவது, கூரைகளும், பாடசாலை, அலுவலகம், களஞ்சியம் முதலிய கட்டடங்களின் மேற்பரப்பும், உவர் பாய்ந்து உண்மையிலேயே பயிர் ஏலாது போன நிலங்களும் முதலில் ஆராயப்பட்ட பின்னரே விளைநிலத்தின் பெயர் எடுக்கப்படல் வேண்டும். நான்காவது, நிலத்தை விடவே நேரின் விற்பனையினும் குத்தகை நன்று. குத்தகையிலும் உழுபவர்க்கும் மேய்ப்பவர்க்கும் பங்கு வேண்டும்.

இவையனைத்துக்கும் அடிப்படையானது ஐந்தாவது. புதிய அவை ஒன்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. விதைப்புத் திகதியையும் நீர்த் திகதியையும் மாடகற்றும் திகதியையும் தீர்மானிக்க ஆண்டுதோறும் கூடும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. வட்டவிதானையும், விவசாயிகள் அமைப்பினரும், கால்நடை வளர்ப்போரும், அதிகாரிகளும் ஒரே மண்டபத்தில் அமரும் இடம் அது. வயலுள்ளவர் எக்கரையில் வாழினும் அங்கே பேசலாம். நிலத்தின் பயனை மாற்றும் எந்த விண்ணப்பமும் அக்கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, அங்கு கூறப்பட்ட கருத்து எழுத்திற் பதியப்பட்ட பின்னரே மேலிடம் செல்லவேண்டும் என ஒரு விதி அமையுமாயின், 1856 இலும் 1958 இலும் தோன்றி மறைந்த நல்லெண்ணம் மூன்றாம் முறையாகத் தழைக்கும். அதுவரை ஊரவர் தாமே செய்யத்தக்க பணியும் ஒன்றுண்டு. கமநல சேவை நிலையத்துக் காணிப் பதிவேட்டில் தத்தம் வயல் உள்ளதா, சரியான பெயரிலும் பரப்பிலும் உள்ளதா என்று நேரிற் சென்று பார்த்துக்கொள்ளல்; இல்லையேற் பதியச் செய்தல்.

மின்சாரம் நாட்டுக்கு வேண்டும், நெல்லும் வேண்டும். இரண்டுக்கும் மூலமான கதிரவன் எழுவானில் தோன்றிப் படுவானில் மறையும் வழியில் எந்நிலத்தையும் தரிசென்று ஒதுக்குவதில்லை. அச்சொல்லை எழுதுவது மனிதர் கையே. எழுதுமுன் அந்நிலத்தில் நடப்பவரைக் கேட்டு எழுதும் முறை நிலைபெறுமாயின், வாவியின் இரு கரைகளும் ஒருங்கே ஒளிபெறும் என்பது ஒருதலை.